கிராஜுவல் கமிட்டியும் செவலைப் பசுவும்

எங்கள் தெருவில் எனக்குத் தெரியாமல் ஒரு தேங்காய் உடைந்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, என் வீட்டு ஜன்னல் அப்படி அமைந்துவிட்டது. மைசூரில் எங்களுடையது மூலை வீடு. வாசல் குறுக்குத் தெருவைப் பார்க்கும். ஜன்னல் பெரிய தெருவைப் பார்க்கும். வாசல் வழியாக என் கணவர் கச்சேரிக்குப் போவார். ஜன்னல் வழியாக நான் மற்ற எல்லா இடங்களுக்கும் போய் வருவேன். யார் வீட்டில் யார் வந்து இறங்கினார்கள், எத்தனை பெட்டியோடு வந்தார்கள், திரும்பும்போது பெட்டி கனத்ததா என்பது வரை கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

கச்சேரி என்றதும் மதராஸ்காரர்கள் பாட்டுக் கச்சேரி என்று நினைக்க வேண்டாம். இங்கே சர்க்கார் ஆபீசுக்கு அதுதான் பெயர். என் கணவர் யக்ஞநாராயணன் சாக்கடை ஒழுங்குக் கச்சேரியில் இரண்டாம் கிளாஸ் குமாஸ்தா. அங்கேயும் ஆலாபனை உண்டு. பல்லவிக்குத்தான் வர மாட்டார்கள்.

அந்தக் கச்சேரி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம் ஆனி மாதத்தில் எங்கள் தெருவுக்கு வந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் முப்பது ஆட்கள் மண்வெட்டியோடு வந்து, தெருவின் ஒரு சாரியில் ஐந்தடி அகலம், நாலடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டினார்கள். சாக்கடை கட்டி மேலே பலகைக் கல் பாவப் போகிறார்களாம். சாயங்காலத்துக்குள் தோண்டி முடித்து, வீட்டுக்கு இரண்டு மரப்பலகையைக் குறுக்கே போட்டுவிட்டுப் போனார்கள். மனிதர்கள் பலகைமேல் நடக்கப் பழகிக்கொண்டார்கள். பழகாதது எங்கள் பக்கத்து வீட்டுச் செவலை ஒன்றுதான்.

செவலை, பழனிமுத்துவின் பசு. ஹனூர்ப் பக்கத்திலிருந்து அதை ஓட்டிக்கொண்டு நடந்தே வந்தவர் அவர். அதன் பாலை எங்கள் தெருவில் எட்டு வீட்டுக்கு ஊற்றித்தான் அவரும் அவர் மனைவி பூவாத்தாளும் பிழைத்தார்கள். அப்போது செவலை சினையாக இருந்ததால் பால் வற்றிப் போயிருந்தது. தெருவே அதன் பிரசவத்துக்காகக் காத்திருந்தது. அதுவரைக்கும் வேறொரு பால்காரன் கொண்டுவந்த பாலில் நான் போட்ட காபியைப் பற்றி இங்கே எழுதினால் காகிதம் வெளுத்துவிடும்.

பள்ளம் தோண்டிய அன்று செவலை வீட்டுக்குள்ளே கட்டியிருந்தது. மறுநாள் பழனிமுத்து பலகைமேல் வைக்கோல் பரப்பி ஓட்டிப் பார்த்தார். ஒரு கால் வைத்தது. பலகை ஆடியது. அவ்வளவுதான், கயிற்றோடு அவரையும் இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. அந்த வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது. பின்புறம் அரிசி மண்டியின் கல் சுவர். ஆக, செவலை சிறையில்.

அன்று மத்தியானம் பழனிமுத்து ஒரு காகிதத்தோடு என் ஜன்னலுக்கு வந்தார். கச்சேரி வீடு வீடாகக் கொடுத்த இங்கிலீஷ் உத்தரவு அது.

"அம்மா, இதுல என்னங்க எழுதியிருக்குது? என்ர ஊட்டு வாசல் எப்பங்க திருப்பிக் கெடைக்கும்?"

தெருவில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே பெண் நான். லோயர் செகண்டரி வரை படித்தவள். ஊரில் கடிதம் வந்தால், தந்தி வந்தால், மருந்துப் புட்டியில் லேபிள் ஒட்டியிருந்தால் என்னிடம்தான் வருவார்கள். நானும் மூக்குக் கண்ணாடி இல்லாமலே அதைத் துடைத்துப் போட்டுக்கொள்வதுபோல ஒரு பாவனை செய்துவிட்டுப் படிப்பேன்.

உத்தரவு முழுவதும் அச்சில் இருந்தது. கடைசி வரியை மட்டும் பெரிய எஞ்சினியர் தம் கையால் சிவப்பு மையில் சேர்த்திருந்தார். பள்ளம் சாக்கடையாக மாறும் மாற்றம் 'கிராஜுவல்' ஆக இருக்க வேண்டும்.

"மாத்தம் கிராஜுவலா இருக்கும்னு போட்டிருக்கு."

"அப்படின்னாங்க?"

"ஒரேயடியா இல்லாம, கொஞ்சம் கொஞ்சமா."

"கொஞ்சம்னா எத்தன நாளுங்க? செவலைக்குப் பொரட்டாசில நாளு. சினை மாட்ட தெனம் நடத்தோணும். நடக்காத மாடு லேசுல கன்னு போடாதுங்க. ஒண்ணு கன்னு போயிரும், இல்லீன்னா மாடே போயிரும்."

எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். சொல்ல வாய் வரவில்லை. மருந்துப் புட்டி படித்துக் கிடைத்த மரியாதை சாமானியமா?

"இருங்கோ, கச்சேரியையே கேட்டுடலாம்" என்று சொல்லி, அவர் பெயரில் இங்கிலீஷில் ஒரு பெட்டிஷன் எழுதினேன். மகாகனம் பொருந்திய தங்கள் உத்தரவில் கண்ட கிராஜுவல் என்னும் சொல்லின் பொருள் யாது, அது எத்தனை நாள் கொண்டது, கொஞ்சம் என்பது குறைந்தபட்சம் எவ்வளவு என்று மூன்று கேள்விகள். மூன்றாவது கேள்வி எனக்கே ரொம்பப் பிடித்துப்போய் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். பழனிமுத்து கட்டைவிரல் வைத்தார்.

வியாழக்கிழமை காலையில் பதினாறு கட்டை வண்டிகளில் பலகைக் கல் வந்தது. ஜன்னலிலிருந்து எண்ணினேன். முதல் வண்டியில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு சேவகன் சைக்கிளில் வந்து ஓவர்சீயர் சென்னப்பனிடம் ஒரு சீட்டைக் கொடுத்தான். சென்னப்பன் படித்தார். தலைப்பாகையைக் கழற்றி மறுபடி கட்டிக்கொண்டார். பதினாறு வண்டிகளும் வந்த வழியே திரும்பிப் போய்விட்டன. காண்டிராக்டர் லஞ்சம் கொடுக்கவில்லை போலிருக்கிறது என்று எதிர்வீட்டு நஞ்சம்மாவிடம் அடித்துச் சொன்னேன். அவள் நாலு பேரிடம் சொன்னாள்.

சாயங்காலம் இவர் வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எந்த அசடோ ஒரு பெட்டிஷன் போட்டிருக்குடி கனகம். இல்லேன்னா சனிக்கிழமைக்குள்ள கல்லப் பாவி முடிச்சிருப்பா."

எனக்குத் திடீரென்று அடுப்பில் பருப்பு அடிப்பிடிப்பதுபோலத் தோன்றியது. எழுந்து போய்விட்டேன். பருப்பு அடுப்பிலேயே இல்லை.

கச்சேரியில் இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன என்று அன்று தெரிந்துகொண்டேன். கேள்வி எழும்பிய காரியத்தில், பதில் எழுதி முடியும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. கை வைத்தால் பதிலை முந்திக்கொண்டு சொன்னதாக ஆகிவிடும். இது ஒன்று. மேலதிகாரி சிவப்பு மையில் எழுதிய வார்த்தைக்குக் கீழே இருப்பவர் அர்த்தம் சொல்லக் கூடாது. இது இன்னொன்று. பெரிய எஞ்சினியரையே கேட்டுவிடலாம் என்றால், அவர் ஆறு மாத லீவில் சீமைக்குக் கப்பலேறி நாலு நாள் ஆகியிருந்தது. ஆகவே, 'பொருள் நிர்ணயக் கமிட்டி' ஒன்று அமைத்தார்கள். கச்சேரியின் தலைவர் கிருஷ்ணோஜி ராவ் அதற்கும் தலைவர். காலேஜில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர் ஒருவர் அங்கத்தினர். ஓவர்சீயர் சென்னப்பன் இன்னொரு அங்கத்தினர். காரியதரிசி யார்? எங்காத்துக்காரர்.

பத்தொன்பது வருஷ சர்வீசில் இவரை யாரும் எதற்கும் காரியதரிசியாக்கியதில்லை. புதுக் கோட்டு தைத்துக்கொண்டார். வீட்டுக்கே சேவகன் வந்து காகிதக் கட்டை எடுத்துப் போனான். தெருப் பெண்கள் என்னைக் 'கமிட்டி மாமி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கேலியாகத்தான் கூப்பிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. தெரியும்வரைக்கும் ஒவ்வொரு தடவையும் கழுத்துச் சங்கிலியைச் சரிசெய்துகொண்டுதான் திரும்பினேன்.

பெட்டிஷன் எழுதிய அசடு யார் என்று நான் வாய் திறக்கவில்லை. நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தேன்.

கமிட்டி கூடியது. முதல் கூட்டத்தில் யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்று தீர்மானமாயிற்று. இரண்டாவது கூட்டத்தில் பேராசிரியர் தடித்தடியாக ஐந்து அகராதிகள் கொண்டுவந்தார். ஐந்தும் ஒரே அர்த்தத்தைச் சொன்னதால், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருக்கலாம் என்ற சந்தேகத்தின் பேரில் ஐந்தையும் தள்ளிவிட்டார்கள். பிறகு சாட்சிகளை விசாரித்தார்கள்.

முதல் சாட்சி ஒரு நாவிதர். தலை நரைப்பது கிராஜுவலா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். வழுக்கை? அவர் தலைவரின் தலையைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார், அது ஆளைப் பொறுத்தது என்றார். சாட்சியம் திருப்தி இல்லை என்று இவரைக் குறிப்பில் எழுதச் சொன்னார்கள். அடுத்து நெய் உருக்குகிறவர். அடுத்து தசரா யானைக்குத் தீனி போடுகிறவர். யானை கொழுப்பதை எந்த நாளில் கவனித்தாய் என்று அவரைக் குறுக்கு விசாரணை செய்தார்கள்.

கடைசியாக ஒரு பிரத்தியட்சப் பரீட்சை. கச்சேரித் தோட்டத்தில் ஒரு மல்லிகைப் பந்தல் உண்டு. மொட்டு பூவாக மாறுவதைக் கமிட்டி நேரில் பார்த்துப் பதிவு செய்வது என்று தீர்மானம். நாலு நாற்காலி, ஒரு கடிகாரம், ஒரு மொட்டு. நாலு மணிக்கு உட்கார்ந்தார்கள். இவருடைய குறிப்பை நானே படித்தேன். ஐந்து மணி: மொட்டு. ஐந்தரை: மொட்டு. ஆறு: மொட்டு. ஆறே கால்: காபி வந்தது. ஆறரை: பூ.

"யாரும் பாக்கலையா?" என்றேன்.

"காபி ஆறிடும்னு தலைவர் சொன்னார்" என்றார் இவர்.

இதெல்லாம் நடந்து முடிய ஆவணி பிறந்துவிட்டது. செவலை இருந்த இடத்திலேயே நின்றது. கால் வீங்கியது. பழனிமுத்து நாலு வீடு தள்ளி ஒரு பழைய கதவை வாங்கிப் பள்ளத்தின்மேல் போட்டுப் பார்த்தார். சென்னப்பன் ஓடி வந்து எடுத்துவிட்டார். அவர் நல்ல மனிதர்தான், கொஞ்சம் கன்னடமும் கொஞ்சம் தமிழுமாக அழாக்குறையாகச் சொன்னார்: "ஆகல்ல பழனிமுத்து, ஆகல்ல! பள்ளம் இப்ப என் கையில இல்ல. பைல்ல இருக்கு. பைல் மேல கதவு போட்டா என் வேலை போய்டும் மாராயா!"

அதற்கு மறுநாள் புருஷனும் பெண்டாட்டியுமாக என்னிடம் வந்தார்கள். ஜன்னலுக்கு இல்லை, சுற்றிக்கொண்டு வாசலுக்கே வந்தார்கள். பூவாத்தாள்தான் பேசினாள்.

"அம்மா, உங்க கொல்லைக்கும் எங்க கொல்லைக்கும் நடுவுல இருக்கறது ஒரு ஆளு ஒசர மண்செவுருதானுங்க. அதுல ஒரு வழி உட்டா, செவலை உங்க கூடத்து வழியா இந்த வாசலுக்கு வந்துருமுங்க. வேல முடிஞ்சதும் இவுரே செவுத்த வெச்சுக் குடுத்துருவாரு."

நான் கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். சித்திரையில்தான் கூடத்துக்குச் சிவப்புச் சிமெண்டுத் தரை போட்டிருந்தோம். பதினெட்டு நாள் தேங்காய் மட்டையால் தேய்த்து முகம் தெரியும்படி வைத்திருந்தேன். என் முகமே அதில் கொஞ்சம் சுமாராகத் தெரியும். அந்தத் தரைமேல் நாலு குளம்பு.

"பார்க்கலாம்" என்றேன். "இவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுண்டு சொல்றேன்."

இவரிடம் கேட்கவில்லை. அடுத்த வாரம் பூவாத்தாள் வந்தபோது வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்க வேண்டும் என்றேன். அதற்கடுத்த வாரம் அமாவாசை. அதற்கும் அடுத்த வாரம் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து நாத்தனார் வருவதாக இருந்தாள். எதுவும் பொய்யில்லை, நாத்தனார் வரவும் வந்தாள். பூவாத்தாள் ஒவ்வொரு தடவையும் "ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனதும் நான் நஞ்சம்மாவைக் கூப்பிட்டு, இந்தக் கச்சேரிக்காரர்களுக்கு ஈவு இரக்கமே கிடையாது என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

புரட்டாசி வந்தது. ஊரெல்லாம் தசராவுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தது. மகாராஜா அம்பாரியில் பவனி போகும் சமயத்தில் எங்கள் தெருவில் மட்டும் பள்ளம் வாயைப் பிளந்துகொண்டிருந்தால் நன்றாக இருக்காது என்று யாரோ மேலே சொன்னார்களாம். உடனே கமிட்டி நேரில் பார்வையிட வந்தது. ஒரு காலை பத்து மணிக்கு நாலு ஜட்கா. நான் ஜன்னலில் ஒன்பது மணிக்கே உட்கார்ந்துவிட்டேன்.

தலைவர் கிருஷ்ணோஜி ராவ் பள்ளத்தின் ஓரத்தில் நின்று ஒரு பிரசங்கம் செய்தார். கன்னடத்தில் பேசினார்; நான் ஒரு வார்த்தை விடாமல் தமிழில் தருகிறேன்.

"பிரஜைகளே! நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷங்கள் ஆகின்றன. இந்த இருபத்திரண்டு வருஷத்தில் எங்கள் கச்சேரி எதையாவது திடீரென்று செய்துவிட்டது என்று ஒரு பிரஜை, ஒரே ஒரு பிரஜை, புகார் சொன்னதுண்டா? இல்லை! மற்ற ஊர்களில் காலையில் பள்ளம், மாலையில் சாக்கடை. ஜனங்களுக்கு மூச்சு முட்டுகிறது. நாங்கள் பள்ளத்தோடு பழக உங்களுக்கு அவகாசம் தருகிறோம். நன்றாகப் பழகிவிட்டால், சாக்கடை எதற்கு என்று நீங்களே கேட்பீர்கள். அன்றைக்கு எங்கள் வேலை பூர்த்தியாகிவிடும்."

கை தட்டினார்கள். இவர்தான் ஆரம்பித்தார்.

அப்போது செவலை உள்ளேயிருந்து கத்தியது. சாதாரணக் கத்தல் இல்லை. பழனிமுத்து பலகைமேல் ஓடி வந்து தலைவர் முன்னால் கும்பிட்டார்.

"சாமி, நோவு கண்டிருச்சுங்க. கன்னு குறுக்க நிக்குதுங்க. நாலு எட்டு நடத்துனா திரும்பீரும். ஒரே ஒரு கல்லுங்க சாமி, ஒரு கல்லு போடச் சொல்லுங்க. தாண்டினதும் எடுத்துப்போடலாம்."

சென்னப்பன் அவர் சொன்னதைக் கன்னடத்தில் சொன்னார். தலைவருக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. புது சாட்சி கிடைத்துவிட்டதே!

"பசு கன்று போடுவதும் ஒரு மாற்றம்தானே? அது கிராஜுவல்தானா, இவனைக் கேளுங்கள்."

கேட்டார்கள். பழனிமுத்து வீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"ஒம்பது மாசம் அப்படித்தானுங்க. கடேசி அரை மணி நேரம் அப்படி இல்லீங்க."

"இரண்டு பகுதியாக எழுதிக்கொள்ளும்" என்றார் தலைவர் இவரிடம். இவர் எழுதிக்கொண்டார். பேராசிரியர் கடைசி அரைமணியைக் கிராஜுவலின் ஒரு பகுதியாகக் கொள்ளலாமா, அல்லது அதற்கு வேறு சொல் வேண்டுமா என்று ஆரம்பித்தார்.

செவலை மறுபடி கத்தியது. இந்தத் தடவை எனக்கு ஜன்னல் வழியாகக் கேட்கவில்லை. கொல்லை வழியாகக் கேட்டது.

கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த இத்தனை வருஷத்தில், வெளியே வேடிக்கை நடக்கும்போது நான் ஜன்னலை விட்டு எழுந்தது அன்றைக்குத்தான். உரலடியில் கிடந்த இரும்புப் பூண் போட்ட உலக்கையை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். ஓங்கி ஒரு இடி. மண் உதிர்ந்தது. அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு இடி விழுந்தது. பூவாத்தாள் என்னைக் கேட்காமலே கடப்பாரையோடு ஆரம்பித்திருந்தாள். நாலு இடியில் ஒரு கை நுழையும் ஓட்டை விழுந்தது. அதற்குள் அவள் முகம் தெரிந்ததும் எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"பூவாத்தா, நான் எழுதின பெட்டிஷன்தான்டீம்மா எல்லாத்தையும் நிறுத்திடுத்து. அது போகலேன்னா அந்த வாரமே பள்ளத்த மூடியிருப்பா. என்னாலதான்!"

"தெரியுமுங்க. ஓவர்சீயரு அன்னிக்கே சொல்லிப்போட்டாரு."

"தெரியுமா? அப்பறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டா நீங்க கோவிச்சுக்குவீங்க. அப்பறம் செவுத்த உடுவீங்களா? ஒதுங்குங்க, மண்ணு விழுகுது!"

ஒதுங்கினேன். சுவர் விழுந்தது.

செவலை வெளியே வந்தது. மூன்று மாதம் நடக்காத மாடு. ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்தது. பழனிமுத்துவும் அதற்குள் ஓடி வந்துவிட்டார். கொல்லையைத் தாண்டி, சமையலறை ஓரமாக, என் சிவப்புச் சிமெண்டுக் கூடத்துக்கு நடத்தி வந்தார்கள். கூடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு நட்டநடுவில், என் முகம் தெரியும் இடமாகப் பார்த்து, படுத்துவிட்டது.

"திரும்பீருச்சுங்க!" என்றார் பழனிமுத்து.

அடுத்த அரைமணி நேரத்தை நான் வருணிக்கப் போவதில்லை. அது கிராஜுவல் இல்லை என்று மட்டும் சாட்சி சொல்லுவேன். கடைசியில் ஈரமும் வெதுவெதுப்புமாக ஒரு காளைக்கன்று என் தரையில் சரிந்து விழுந்தது. செவலை தலையைத் திருப்பி அதை நக்கியது. பூவாத்தாள் சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். நானும் உட்கார்ந்தேன். தரை எந்த நிறத்தில் இருந்தது என்று அப்போது நான் பார்க்கவில்லை.

நிமிர்ந்தபோது என் ஜன்னலில் நாலு தலை தெரிந்தது. தலைவர், பேராசிரியர், சென்னப்பன், இவர். நான் தினமும் வெளியே பார்க்கும் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு கமிட்டி முழுவதும் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது.

"இது யார் வீடு?" என்று தலைவர் இவரைக் கேட்டார்.

"விசாரிச்சுச் சொல்றேன் சார்" என்றார் இவர்.

அன்று சாயங்காலம் நான் தரையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். இவர் தூணோரமாக நின்று தொண்டையைச் செருமினார்.

"ஏன்னா, ஒண்ணு சொல்லணும். அந்தப் பெட்டிஷன் இருக்கே…"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"பத்தொன்பது வருஷமா மளிகைச் சீட்டு எழுதறாய். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அன்னிக்கே அதைக் கட்டோட அடியில வெச்சுட்டேன், யார் கண்ணுலயும் படாதபடி."

"அப்பவே வாபஸ் வாங்குடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

இவர் புதுக் கோட்டின் பொத்தானைத் திருகினார்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றார். "கொஞ்சம் கொஞ்சமா."

மேற்கொண்டு கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

கமிட்டி தன் அறிக்கையை ஐப்பசியில் கொடுத்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். பசு வெளியேறிவிட்டபடியால் அவசரம் நீங்கிற்று என்பது முதல் முடிவு. இரண்டாவது, பொருள் நிர்ணயம். மல்லிகைப் பரீட்சையை ஆதாரமாகக் காட்டி அதை எழுதியிருந்தார்கள்: 'கிராஜுவல் என்பது, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பவரும் நடந்ததை அறியாதபடி நடக்கும் மாற்றம்.' அதன்படி வீட்டு வாசல் ஒவ்வொன்றுக்கும் பதினாலு கல், எட்டு நாளைக்கு ஒரு கல் வீதம் பாவ உத்தரவாயிற்று.

இதைப் படித்துவிட்டு நானும் நஞ்சம்மாவும் சிரித்த சிரிப்பு தெருக்கோடிவரை கேட்டிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாதாம்! எந்த முட்டாளாவது அப்படி இருப்பானா என்று கேட்டேன்.

செவலை அதற்குள் தினசரி வரவாகிவிட்டது. காலை ஏழு மணிக்குக் கொல்லைச் சுவர் இடிந்த வழியாக வந்து கூடத்தைக் கடந்து மேய்ச்சலுக்குப் போகும். சாயங்காலம் அதே வழியில் திரும்பும். பின்னாலேயே கன்று. பிறந்த அன்று எழுந்து நிற்கவே வெகுநேரம் எடுத்துக்கொண்டதால் தெருவில் அதற்குக் கமிட்டி என்று பெயர். முதல் வாரம் ஒவ்வொரு நடைக்கும் தரையைத் துடைத்தேன். அப்புறம் ஒருவேளை துடைத்தேன். அப்புறம் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே செவலைக்கு வழிவிடக் காலைத் தூக்கிக்கொள்ளப் பழகினேன். முதல் கறவைப் பால் எனக்குத்தான் வரும். காபியைப் பற்றி இப்போது எழுதினால் உங்களுக்குப் பொறாமையாக இருக்கும்.

மாசி மாதம் நாத்தனார் அன்னபூர்ணி ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வந்தாள். காலையில் என்னோடு ஜன்னலோரம் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். எதிரும் பக்கமுமாக யார் யார் வீட்டில் என்னென்ன என்று நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். செவலை வந்தது. நான் காலைத் தூக்கிக்கொண்டேன். அவள் பதறி எழுந்து டம்ளரைக் கொட்டிவிட்டாள்.

"என்னடி கனகம் இது, கூடத்துல மாடு!"

"பழனிமுத்து ஆத்து வாசல்ல பள்ளம் இருக்கோன்னோ? அதான் இந்த வழியா. கேளு, அந்தப் பூவாத்தாளுக்கு எல்லாம் வரும், கோலம் மட்டும் வராது. இன்னிக்குப் போட்டிருக்கா பாரு, எட்டுப் புள்ளியும் எட்டுத் திக்குல ஓடறது. நாலு வாரமா இதே கோணல்."

அன்னபூர்ணி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கோலம் கோணல்தான்" என்றாள். "எதும்மேல போட்டிருக்கா?"

"எதும்மேல போடுவா? வாசல்…"

சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். பள்ளம் இல்லை. பழனிமுத்து வாசலில் பதினாலு பலகைக் கல்லும் வரிசையாகக் கிடந்தன. கல்லின் இடுக்கில் புல் முளைத்திருந்தது. ஒரு மூலையில் யாரோ வெற்றிலை துப்பிய கறை காய்ந்து பழுப்பேறியிருந்தது. அதன்மேல்தான் அந்தக் கோலம். நான் நாலு வாரமாகக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த கோலம்.

"பழனிமுத்து!" என்று கத்தினேன். வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவர் திரும்பினார். "உங்காத்துப் பள்ளத்த எப்போ மூடினா?"

அவர் மூலைக்குப் போய்ப் பெரிய தெருவைப் பார்த்துவிட்டு வந்தார். தலையைச் சொறிந்தார்.

"அட, ஆமாங்க!" என்றார்.

உடனே ஓடிப்போய்ச் செவலையை அந்தப் பக்கம் ஓட்டிப் பார்த்தார். கல்லின்மேல் ஒரு கால் வைத்தது. ஆடிய பலகை நினைவுக்கு வந்ததோ என்னவோ, கயிற்றோடு அவரையும் இழுத்துக்கொண்டு, மூலை திரும்பி, நேரே என் வாசலுக்கு வந்து நின்றது. பின்னாலேயே கமிட்டி.

இருபத்திரண்டு வருஷமாக எதையும் சரியாகச் செய்யாத கச்சேரி, ஒரே ஒரு விஷயத்தில் அட்சரம் பிசகாமல் சரியாக இருந்துவிட்டது; அதற்கும் அவர்களுக்குக் கிடைத்த சாட்சி நான். இதை இவரிடம் சொல்லக் கூடாது என்று அன்னபூர்ணியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். சத்தியம் செய்துகொடுத்துவிட்டு அவள் நஞ்சம்மா வீட்டுப் பக்கம் போனாள். சொல்லத்தான் போகிறாள் என்று தெரியும். நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

செவலை உள்ளே வந்தது. காலைத் தூக்கிக்கொண்டேன்.